கேட்டால் கொடுப்பார்

இறந்துபோன தகப்பனாரின் இடுப்பிலிருந்து பச்சை பெல்ட்டைக் கழற்றுவதற்குள் நாசருக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது. கொக்கி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. மய்யித்தைக் குளிப்பாட்டக் காத்திருந்தவர்களில் ஒருவர், "வெட்டிடலாம் லா, நேரமாவுது," என்றார்.

"வேணாம்," என்றார் மைமூன், மூலையிலிருந்து. கணவர் இறந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அதுதான்.

ஷிரீன் சமையலறைக்குப் போய்த் தேங்காயெண்ணெய் எடுத்து வந்தாள். கொக்கியில் விட்டதும் அது வழிக்கு வந்தது. பெல்ட்டின் பைக்குள் கண்ணாடி துடைக்கும் துணி, ஒரு இருமல் மிட்டாய், உள்ளறை இரும்புப் பெட்டியின் சாவி. நாசர் கையை நீட்டுவதற்குள் அம்மா பெல்ட்டை அப்படியே சுருட்டி மடியில் வைத்து, வெள்ளைத் துப்பட்டியால் மூடிக்கொண்டார்.

லியாக்கத் அலி அன்று அதிகாலை, வழக்கம்போல செனாய் கடைவீதியில் தன் சாப்பாட்டுக்கடையைத் திறந்தார். சுபுஹு தொழுத கையோடு முதல் டீயை ஆற்றி வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை. அந்த நேரத்தில் அவருடைய மகள் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலை விடுதியின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை வாசலிலேயே பிடித்தால்தான் உண்டு. படுத்துவிட்டால் பேச மாட்டார்கள். ஷிரீன் வெளிநாட்டு மனித உரிமை அமைப்பு ஒன்றின் களப்பணி உதவியாளர். வேறு நாடுகளிலிருந்து வேலைக்கு வந்தவர்களிடம் பேசி, அவர்கள் சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுதி அனுப்ப வேண்டும். அதை பேங்காக்கில் இங்க்ரிட் என்பவள் திருத்துவாள், ஜெனீவாவில் இன்னொருவர் சுருக்குவார். அச்சாகி வரும்போது, இவள் மழையில் நின்று பிடித்த மனிதன் பக்கத்தின் அடியில் ஒரு சின்னக் குறிப்பாகக் கிடப்பான்.

அந்த வேலையில் அவளைப் படுத்தி எடுத்தது ஒரே ஒரு கேள்வி. "உங்க பாஸ்போர்ட் யார்கிட்ட இருக்கு?" என்றால் உடனே சொல்லிவிடுவார்கள். மொதலாளிகிட்ட, பத்திரமா. "கேட்டா குடுப்பாங்களா?" என்று அடுத்ததைக் கேட்டால் தலை குனியும். "கேட்டா குடுப்பாங்கக்கா." "கேட்டிருக்கீங்களா?" "கேட்டதில்ல." எந்த நாட்டுக்காரனைக் கேட்டாலும் இந்த பதில்தான். பிடித்து உலுக்கலாம் போல இருக்கும். உலுக்கக் கூடாது, அமைப்பின் விதி.

சமையலறையில் நின்றிருந்த ஷிரீனின் கைப்பேசி அதிர்ந்தது. இங்க்ரிட் வெள்ளைப் பூ ஒன்றையும் ஆழ்ந்த அனுதாபத்தையும் அனுப்பியிருந்தாள். அதற்குக் கீழேயே இன்னொன்று. "அவசரமில்லை. அறிக்கையின் பதினான்காம் பத்தியில் தொழிலாளர்கள் பாஸ்போர்ட்டைக் கேட்டார்களா, கேட்டு மறுக்கப்பட்டதா என்று தெளிவாக இல்லை. முடிந்தபோது சொல்." ஷிரீன் கைப்பேசியை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள்.

அப்போதுதான் அக்பர் பின்வாசலில் வந்து நின்றார். கடையில் ரொட்டி சானாய் போடுகிறவர். ஷிரீன் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அந்தக் கல்லடுப்பின் முன்னால் நிற்கிறவர். அழுது கண் சிவந்திருந்தது. அது பொய் அழுகை இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"தங்கச்சி, இப்பக் கேக்கறது மொற இல்ல..."

"சொல்லுங்கண்ணே."

"ஊர்ல மகளுக்கு நிக்காஹ் வச்சிருக்கு. அடுத்த வாரம் கெளம்பணும். மொதலாளி வெள்ளிக்கிழம எடுத்துத் தரேன்னு சொல்லியிருந்தாங்க. அதான், நாசர் தம்பிகிட்ட நீங்க ஒரு வார்த்த..."

"எதை எடுத்துத் தரேன்னாங்க?"

அக்பர் அவளை விநோதமாகப் பார்த்தார். "பாஸ்போர்ட்டத்தான்."

இந்த வேலையில் சேர்ந்த புதிதில் சாப்பாட்டு மேசையில் ஷிரீன் இதைப் பற்றிப் பேசப்போக, அத்தா சிரித்தார். மறுநாள் கடை நடுவில், சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் பார்க்க, தன் ஆட்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவரவர் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தார். "என் மக உத்தரவு," என்றார். பயிற்சி வகுப்புகளில் இந்தக் கதையை அவள் சொல்லாத இடமில்லை. முதலாளி மனம் வைத்தால் நடக்கிற காரியம்தான் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே அத்தாட்சி அவளுடைய அத்தாதான்.

"அன்னைக்குக் குடுத்தாங்களே, அண்ணே. நான் பாத்தேனே."

"குடுத்தாங்க. நாங்கதான் திருப்பிக் குடுத்துட்டோம். அந்த வாரமே."

"அவர் கேட்டாரா?"

"சீச்சீ. கேக்கவே இல்ல." அக்பர் தோள்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "மொகம் மட்டும் ஒரு மாதிரி இருந்துச்சு. ரெண்டு நாளா எங்கிட்ட டீ கேக்கல. அவங்களே போட்டுக் குடிச்சாங்க. எங்களுக்கு மனசு கேக்கல தங்கச்சி. எல்லாருமா சேந்து கொண்டுபோய் வச்சிட்டோம். 'பத்திரமா இருக்கும்ப்பா, இது எங்கிட்ட அமானிதம்'னாங்க. அதுக்கப்புறம் நல்லாப் பேசினாங்க."

அழுகை வர வேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம் வந்தது. இறந்துபோனவரோடு சண்டை போட முடியாது என்பது அதைவிடப் பெரிய கோபம். நேற்றுக்கூட அவர் தொலைபேசியில் கேட்டார், "இன்னைக்கு எந்த மொதலாளியப் புடிச்சு உள்ள போடப் போற?" என்று. அவள் சிரித்தாளே.

பந்தல் கம்பத்துக்குப் பக்கத்தில் நாசரைப் பிடித்தாள். புதைப்பதற்கான அனுமதிச் சீட்டு வாங்க அலைந்து அவன் களைத்துப் போயிருந்தான்.

"அண்ணே, எல்லார் பாஸ்போர்ட்டும் பெட்டியில இருக்காமே. மய்யித்த தூக்கறதுக்கு முன்னாடி குடுத்திடு."

"அலமாக்! இப்பதான் நேரம் கெடச்சுதா உனக்கு? ஒன் ஆபீஸ் வேலைய இங்க கொண்டு வராத."

"அக்பர் அண்ணன் மகளுக்கு நிக்காஹ்."

"தெரியும். அவர் போயிட்டா ரொட்டி யார் போடுவா, நீ போடுவியா? பாஸ்போர்ட்ட கையில குடுத்தா மத்தவனும் எதுத்த கடைக்குப் போயிருவான். அப்புறம் நானும் அம்மாவும் தெருவுல நிக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "நான் குடுக்க மாட்டேன்னு சொன்னேனா? கேட்டா குடுக்கப் போறேன். அவர் எங்கிட்ட வந்து கேக்கட்டும்."

ஷிரீன் திரும்பி வீட்டுக்குள் நடந்தாள்.

கஃபன் துணி சுற்றி, அத்தர் பூசி, மய்யித்தை வைத்த சந்தூக்குப் பெட்டியை வாசலில் இறக்கினார்கள். கடைவீதியே வந்திருந்தது. சீன மளிகைக்காரர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். பெண்கள் கதவுக்கு உள்பக்கம். தூக்குவதற்கு முன் வாரிசு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அது வழக்கம். பள்ளிவாசல் ஹஜ்ரத் நாசரின் தோளைத் தொட்டார். நாசர் தொண்டையைச் செருமினான்.

"எங்க அத்தா யாருக்காச்சும் கடன் குடுக்க வேண்டியிருந்தா எங்கிட்ட சொல்லுங்க, நான் பொறுப்பு. யார் மனசாச்சும் நோக நடந்திருந்தா அல்லாவுக்காக மன்னிச்சிடுங்க."

எல்லாரும் "மன்னிச்சாச்சு" என்று முனகினார்கள். நான்கு பேர் குனிந்து கம்பைப் பிடித்தார்கள்.

"அமானிதத்தையும் சொல்லுண்ணே," என்றாள் ஷிரீன்.

அவள் நினைத்ததைவிட சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பெண் அவள் முழங்கையைக் கிள்ளினாள். குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். நம்பி ஒப்படைத்த பொருளுக்குத்தான் அமானிதம் என்று பெயர். உரியவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதைச் சொல்லாமல் மய்யித்தைத் தூக்கிக்கொண்டு போக ஹஜ்ரத்துக்கு மனம் வரவில்லை.

"தங்கச்சி சொல்றது சரிதான். சொல்லிடுங்க தம்பி."

நாசர் யாரையும் பார்க்காமல் சொன்னான். "அமானிதம் ஏதாச்சும் அத்தாகிட்ட இருந்தாலும் சொல்லுங்க."

இத்தனை வருடமாக அவள் விடுதி விடுதியாகப் போய்க் காதோடு கேட்ட கேள்வி, இன்றைக்கு ஊர் நடுவில் அவரவர் காதில் விழும்படி கேட்கப்பட்டுவிட்டது. தலைமாட்டுக் கம்பைப் பிடித்திருந்த அக்பரை ஷிரீன் பார்த்தாள். சொல்லுங்கண்ணே. ஒரு வார்த்தை. கடையின் மற்ற ஆட்களும் அவரைத்தான் பார்த்தார்கள்.

அக்பர் தலை குனிந்தார்.

"ஒன்னுமில்ல," என்றார். "மொதலாளி எங்களுக்கு ஒரு கொறையும் வைக்கல." சொல்லிவிட்டுக் குலுங்கி அழுதார். அழுதுகொண்டே சந்தூக்கைத் தோளில் ஏற்றினார். கலிமா சொல்லிக்கொண்டே கூட்டம் தெருமுனை வரை நடந்து வேனில் ஏறியது.

வீட்டில் பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள். ஷிரீன் உள்ளறைக்குப் போய் இரும்புப் பெட்டியின் மேல் கையால் அறைந்தாள். கை வலித்ததுதான் மிச்சம். எட்டி உதைக்கலாமா என்று பார்த்தாள். இத்தனை நல்லவராக இருந்துகொண்டு ஏன் இப்படிச் செய்தீர்கள்? கொடுமைக்காரராக இருந்திருந்தால் அவர்களாவது வாய் திறந்திருப்பார்களே!

பின்னால் அம்மா வந்து நின்றார். மடியிலிருந்த பெல்ட்டை இப்போது கையில் பிடித்திருந்தார்.

"அக்பர் போயிட்டா கடைய நடத்த முடியுமான்னு நாசருக்கு பயம்," என்றார். "எனக்கும் பயந்தான்."

"தெரியும்மா."

"அவங்க மண்ணு போட்டுட்டுத் திரும்பி நடந்தா, அங்க குழிக்குள்ள வானவருங்க வந்து கேள்வி கேக்க ஆரம்பிச்சிருவாங்க. உங்க அத்தா என்ன பதில் சொல்வாரு? 'கேட்டா குடுத்திருப்பேன்'னா?" மைமூன் பெல்ட்டை நீட்டினார். "அவங்க திரும்பறதுக்குள்ள கொண்டு போய்க் குடுத்திடு. கெளம்பு."

பெல்ட்டிலிருந்த சாவியால் பெட்டியைத் திறந்தாள். பாஸ்போர்ட்டுகள் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள், ரப்பர் பேண்ட் போட்டு, ஈரம் படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் அத்தாவின் கையெழுத்தில் ஒட்டுத்தாள்: இந்த மாதம் பெர்மிட் புதுப்பிக்க வேண்டியவர், பெயரில் எழுத்துப்பிழை உள்ளவர். பத்திரமாகத்தான் வைத்திருந்தார். அந்த அக்கறைதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் பெல்ட்டோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு காருக்கு ஓடினாள்.

அடக்கம் செய்கிற மையவாடி பக்கம்தான். ஆனால் ஷிப்ட் மாறுகிற நேரம். தொழிற்பேட்டை முனையில் கன்டெய்னர் லாரி ஒன்று திரும்ப முடியாமல் சாலையை அடைத்து நின்றது. அதன் பின்னால் வரிசையாகத் தொழிற்சாலை பஸ்கள். ஹார்னை அழுத்தினாள். யாரும் அசையவில்லை. பக்கத்து பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்த பையன் அவளை அடையாளம் கண்டு சலாம் சொன்னான். போன மாதம் அவளிடம் பேசியவன். கேட்டா குடுப்பாங்கக்கா. அவள் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டாள். அத்தாவின் மேல் மண் விழுந்துகொண்டிருக்கும். யார் முதல் பிடி போட்டிருப்பார்கள்? நாசராகத்தான் இருக்கும். அடுத்து அக்பர்.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஆண்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். திரும்பி நடந்தாகிவிட்டது.

கேட்டருகே நின்று பெல்ட்டைப் பிரித்தாள். கடையின் ஆட்கள் அவளைக் கண்டு தயங்கினார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கப் பார்த்தாள். முதலாமவன் பாஸ்போர்ட்டைப் பார்த்தான். பிறகு சாலையோரம் நின்ற வேனைப் பார்த்தான். "வீட்டுலயே இருக்கட்டுமேக்கா, பத்திரமா," என்று சொல்லிவிட்டு நடந்தான். மற்றவர்களும் அவன் பின்னாலேயே போனார்கள்.

அக்பர் கடைசியாக வந்தார். முழங்கை வரை செம்மண்.

"அண்ணே, இந்தாங்க. மகளப் போய்ப் பாருங்க."

அவர் முகம் ஒரு கணம் மலர்ந்தது. கையை நீட்டியவர் தயங்கி இழுத்துக்கொண்டார். "கையெல்லாம் மண்ணு தங்கச்சி. இருங்க, கழுவிட்டு வாங்கிக்கறேன்."

சுவரோரம் இருந்த குழாயைத் திறந்து விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவினார். தண்ணீர் சிவப்பாக ஓடி, பிறகு தெளிந்தது. குழாயை மூடிவிட்டுக் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

வேனின் முன் இருக்கையில் நாசர் இருந்தான். ஹார்ன் அடிக்கவில்லை, எதுவும் சொல்லவில்லை. அக்பரைப் பார்க்கவும் இல்லை. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் மட்டும் ஒரு மாதிரி இருந்தது.

ஷிரீன் பாஸ்போர்ட்டை நீட்டியபடியே நின்றாள்.

அக்பர் குனிந்து குழாயை மறுபடி திறந்தார். கழுவிய கையையே கழுவத் தொடங்கினார்.