கசக்குதா?

குனிந்து கால்விரலைத் தொடச் சொன்னபோதுதான் கசந்தது. அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. தலைக்கு மேல் கவிழ்த்த வெள்ளைக் கூண்டுக்குள் குல்தார் சிங் மூச்சை இழுத்தான், விட்டான், தலையை இடமும் வலமும் திருப்பினான், வானிலை அறிக்கை ஒன்றைச் சத்தமாக வாசித்தான். மால்கம் வெளியே நின்று, கூண்டிலிருந்த ஓட்டை வழியாகக் கசப்பு மருந்தை நிமிடத்துக்கு ஒரு தடவை பீய்ச்சிக்கொண்டிருந்தார். முகமூடி முகத்தோடு சரியாக ஒட்டியிருந்தால் உள்ளே இருப்பவனுக்கு எதுவும் தெரியாது. மயிரிழை இடைவெளி இருந்தாலும் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

"கசக்குதா?" என்றார் மால்கம்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்குக்குள் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் மூன்றாம் எண் அறையில் காற்றில் மிதக்கிற காசநோய்க் கிருமிக்குப் பொய் சொல்ல முடியாது. வீட்டில் இரண்டு வயது மகள் இருக்கிறாள்.

"கசக்குது," என்றான்.

மால்கம் கூண்டைக் கழற்றினார். ஐம்பத்தெட்டு வயது, வழுக்கைத் தலை, சட்டைப் பையில் நான்கு பேனாக்கள். இந்த மான்செஸ்டர் ஆஸ்பத்திரியில் முகமூடிச் சோதனை அவர் பொறுப்பு. விதி என்றால் விதிதான் என்கிற மனிதர். ஆனால் அந்த விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதிலும் அதே பிடிவாதம் அவருக்கு உண்டு. படிவத்தின் முதல் கேள்வியே 'முகம் மழிக்கப்பட்டுள்ளதா?' என்பது. மழிக்காமலே சோதிக்கலாம் என்று மேலிடத்தில் மூன்று வாரம் மல்லுக்கு நின்று அனுமதி வாங்கி வந்தவரே அவர்தான்.

"வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு இன்னொரு தடவை பாக்கலாம், குல்தார். அதுக்கு மேல என் கையில இல்ல. அதுவும் போச்சுன்னா திங்கக்கிழமையிலிருந்து உனக்கு கண் பிரிவு. வர்றவங்க பேரைக் கூப்பிட்டு உக்கார வைக்கற வேலை." கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஷேவ் பண்ணா அஞ்சு நிமிஷ வேலைப்பா. திரும்ப வளரத்தானே போகுது?" என்றார்.

இதைக் கேட்டுக் கேட்டு குல்தாருக்குக் காது புளித்துப் போயிருந்தது. பிறந்ததிலிருந்து கத்தி படாத முடி. முடியோடு பிறந்த உடம்பை அப்படியே வைத்திருப்பது என்று சீக்கியனாகக் கொடுத்த வாக்கு. அதை ஐந்து நிமிட வேலை என்று ஒருவர் சொல்லும்போது கோபம் வருவதைவிட அலுப்புதான் அதிகம் வந்தது. ஒன்பது வருடமாக நுரையீரல் வார்டில் நர்ஸாக இருக்கிறான். தலையை முழுக்க மூடி, மோட்டார் வைத்துக் காற்று ஊதும் கவசம் ஒன்றை இதுவரை மாட்டிக்கொண்டிருந்தான். அது பழுதாகிப் போய்விட்டது, புதிது வாங்கும் உத்தேசம் யாருக்கும் இல்லை. தாடிக்கு மேல் அகலமான ரப்பர் பட்டையை முகவாயிலிருந்து உச்சிவரை இழுத்துக் கட்டி, அதன்மேல் முகமூடி போடும் முறையை அவனேதான் தேடிப் பிடித்துக் கற்றான். தாடி முழுக்க ரப்பருக்குள் அடங்கிவிட்டது. ஆனால் குனிந்தவுடன் உச்சி முடிச்சு தலைப்பாகைத் துணியில் வழுக்கிப் பின்னால் போயிற்று, பட்டை தளர்ந்தது, தாடை ஓரம் திறந்துகொண்டது.

போகிற வழியில் மூன்றாம் எண் அறையின் கண்ணாடி முன்னால் நின்றான். உள்ளே ஆக்டன், எண்பத்துநாலு வயது, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எந்த மருந்துக்கும் எளிதில் மசியாத காசநோய். ஜன்னலோர மேஜையில் பாதி ஆட்டத்தில் நின்ற சதுரங்கப் பலகை. ஒரு மாதத்துக்கு முன் அந்தப் பலகைக்கு எதிரே உட்கார்ந்து அவர் தானாகவே சொன்னார்: "அறுபதுகள்ல உங்க ஆளுங்க தலைப்பாகையோட பஸ் ஓட்டலாமான்னு டிப்போவுல ஓட்டு வச்சாங்க. கூடாதுன்னு நானும் கையைத் தூக்கினேன், தம்பி. ஏன்னு கேட்டா இப்பகூட சொல்லத் தெரியல." குல்தார் தன் குதிரையை நகர்த்தினான். "உங்க ராணி போச்சு," என்று மட்டும் சொல்லி அதை எடுத்துக்கொண்டான். கிழவர் இருமல் வரும்வரை சிரித்தார். அதற்குப் பிறகு அவர் ஊசி போட வேறு யாரிடமும் கையை நீட்டவில்லை. இப்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றவனைப் பார்த்துப் பலகையைக் காட்டினார். உன் ஆட்டம்.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டு அறையில் விஷயம் அலசி ஆராயப்பட்டது. ஹோதன்தான் ஆரம்பித்தாள். சோமாலிய முஸ்லிம் குடும்பத்துப் பெண், அதே வார்டு நர்ஸ், வாயைத் திறந்தால் மூடுவது கஷ்டம். முழங்கைக்குக் கீழே துணி கூடாது என்ற ஆஸ்பத்திரிச் சுத்த விதியோடு இரண்டு வருடம் முட்டி மோதி, மணிக்கட்டுவரை கையை மறைக்கும், போட்டுக் கிழித்தெறியும் கைமூடிகளை வாங்க வைத்தவள்.

"எனக்கு ஒரு சந்தேகம்," என்றாள். "உயிர் போற விஷயம்னா எங்கள்ல விலக்கு உண்டு. ஹதாசா, உங்கள்லயும் உண்டுதானே?"

மருந்தகத்து ஹதாசா யூதப் பெண். தன் டப்பாவிலிருந்து தலை நிமிராமலே, "உண்டு. உயிரைக் காப்பாத்தறதுக்கு முன்னாடி மத்ததெல்லாம் அப்புறம்," என்றாள்.

"கேட்டியா? உனக்கு மட்டும் ஏன் விலக்கு இல்ல?"

குல்தார் ரொட்டியைக் கீழே வைத்தான். "விலக்கு இருக்கா இல்லையான்னு அப்புறம் பேசலாம். வேலைக்கு என்ன வேணும்? காத்து புகாத முகமூடி. அதை நான் தாடியோடயே செஞ்சு காட்டறேங்கறேன். செஞ்சு காட்ட முடியற வரைக்கும் விலக்கு எதுக்கு? நீ அன்னிக்கு விலக்கு கேட்டு வாங்கிட்டுக் கையை மடிச்சுவிட்டிருக்கலாமே?"

"அடேயப்பா, குத்திட்டான்!" ஹோதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

மூலையில் டீ கலக்கிக்கொண்டிருந்த மால்கம், "உங்க மூணு பேரையும் பாத்தா எனக்கு மலைப்பா இருக்கு. நானெல்லாம் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு ஒரு டை கட்டுவேன். அவ்வளவுதான்," என்றார்.

"இந்த ஞாயிறு டை இல்லாம போயிட்டு வாங்களேன்," என்றாள் ஹோதன்.

மால்கம் டீயை வேகமாகக் கலக்கினார். "அது... அது வேற," என்றார். மூவரும் சிரித்த சிரிப்பில் அவருடைய வழுக்கையும் சிவந்தது. கடைசியில் அவரும் சேர்ந்து சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் ஹதாசா கேட்டாள். "வழுக்கறது துணியா, ரப்பரா?"

"துணி. முடிச்சு நிக்க மாட்டேங்குது."

"பட்டையா வெல்வெட் ஒண்ணு இருக்கு. ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கும். தலையைச் சுத்திக் கட்டினா மேல எது வச்சாலும் அசையாது. என்னுடையது எப்படி நிக்குதுன்னு நெனச்சீங்க?"

"உன்னோட எது?" என்றான் குல்தார்.

"விக்."

குல்தாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு வருடப் பழக்கம். மான்செஸ்டர் மழையில் எல்லார் தலையும் கோழிக்குஞ்சாகி வரும்போது ஹதாசாவின் பழுப்புக் கூந்தல் மட்டும் அப்படியே இருக்கும். மனைவி கேட்கச் சொன்னாள் என்று ஒருமுறை என்ன எண்ணெய் தேய்க்கிறாய் என்றுகூடக் கேட்டிருக்கிறான். 'ஒண்ணும் தேய்க்கறதில்ல' என்று அவள் சொன்னதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டு வீட்டில் போய்ப் புகழ்ந்தான்.

"கல்யாணமானவங்க நாங்க முடியை மூடிக்குவோம்," என்றாள் ஹதாசா.

"முடியை மூட அதைவிட அழகான முடியா?" என்றாள் ஹோதன். "அதுல என்ன மறைவு இருக்கு? ஊரே உன் தலையைத்தான் பாக்குது."

"எங்க வீட்டுலயே என் நாத்தனார் இதைத்தான் கேக்கறா. அவ வெறும் துணிதான் கட்டுவா. பாக்கறவங்க என்ன பாக்கறாங்கங்கறது அவங்க பாடு. என் முடி யாருக்குன்னு எனக்குத் தெரியும். உன் துணிகூட பூப்போட்ட பட்டுதானே?"

ஹோதன் தன் முக்காட்டின் ஓரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "நான் ஒத்துக்கல," என்றாள். "ஆனா பட்டையைக் கொண்டு வா."

வியாழக்கிழமை வேலை முடிந்து பயிற்சி அறையில் கூடினார்கள். அங்கேதான் சிக்கல் புரிந்தது. பட்டை கட்டும் வித்தை தெரிந்த இரண்டு பெண்களும் அவன் தலையைத் தொட மாட்டார்கள். ஹதாசா அந்நிய ஆணைத் தொடக் கூடாது. ஹோதன் நோயாளி என்றால் தொடுவாள், இவன் நோயாளி இல்லை. தொட வந்தாலும் தன் தலைப்பாகை மேல் இன்னொருவர் கை படுவதை குல்தார் விரும்ப மாட்டான். மாரடைப்புப் பயிற்சிக்கு வைத்திருந்த ரப்பர் பொம்மைதான் கைகொடுத்தது. ஹதாசா தன் பெட்டியிலிருந்து ஊதா வெல்வெட் பட்டையை எடுத்துப் பொம்மையின் மொட்டைத் தலையில் கட்டிக் காட்டினாள். காதுக்கு மேலே, பின்மண்டை மேட்டுக்குக் கீழே. குல்தார் கண்ணாடியைப் பார்த்துக் கட்டினான்.

"மேல போயிடுச்சு, எறக்கு!" என்றாள் ஹோதன். "இடது பக்கம்! உன் இடதுப்பா, என் இடது இல்ல!"

மால்கம் கதவருகில் நின்று, "தலைப்பாகைக்கு மேல எதுவும் போடக் கூடாதுன்னு படிச்சேனே," என்றார். எங்கேயோ தேடிப் படித்திருக்கிறார். அது குல்தாருக்குப் பிடித்திருந்தது.

"தொப்பி போடக் கூடாது. இது தொப்பியா?"

"விக்குக்குக் கட்டற பட்டை. தொப்பியைவிட மோசம்," என்றாள் ஹோதன்.

முதல்நாள் இரவே அவன் இதை யோசித்துவிட்டிருந்தான். போர்க்களத்தில் தலைப்பாகை மேல் இரும்பு வளையம் மாட்டிப் போன பரம்பரை. வெல்வெட்டுக்கா பயப்பட வேண்டும்? ரப்பரை இழுத்து முடிச்சிட்டான். குனிந்தான். குதித்தான். பத்து தடவை தோப்புக்கரணம்போல உட்கார்ந்து எழுந்தான். முடிச்சு இருந்த இடத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு மணி. சூரியன் மறைந்து யூதர்களின் ஓய்வு நாள் தொடங்குமுன் வீடு சேர வேண்டும் என்று கோட்டை மாட்டிக்கொண்டே ஹதாசா வந்து நின்றாள். ஹோதன் தன் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்திருந்தாள். கூண்டு கவிழ்ந்தது. கண்ணாடித் துண்டு வழியாக மூன்று தலைகள் தெரிந்தன, ஒரு பட்டு முக்காடு, ஒரு பழுப்புக் கூந்தல், ஒரு வழுக்கை. மூச்சு. ஆழ்ந்த மூச்சு. இடம், வலம். மேல், கீழ். வடக்கில் மழை, மேற்கில் பலத்த காற்று என்று வாசித்தான்.

"குனி," என்றார் மால்கம்.

குனிந்தான். கால்விரலைத் தொட்டான். நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான். நாக்கு மரத்துவிட்டதோ என்று பயந்தான். நாக்கை மேலண்ணத்தில் துழாவினான். காலையில் குடித்த ஏலக்காய் டீயின் வாசனை மட்டும் இருந்தது.

"கசக்குதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல!"

மால்கம் கடைசி மூச்சு வரை எண்ணிவிட்டு, "உன் நாக்கு வேலை செய்யுதான்னு எனக்கு நிச்சயமாத் தெரியணும். முகமூடி ஓரத்தை ஒரு விரலால தூக்கு," என்றார். குல்தார் தூக்கினான். அவ்வளவுதான், குடல்வரை கசந்தது. கூண்டுக்குள் துப்பினான், இருமினான், சிரித்தான். வாழ்நாளில் எதையும் அத்தனை ஆசையோடு சுவைத்ததில்லை.

"கசக்குது! கசக்குது!"

வெளியே ஹோதன் நாக்கை மடித்துக் குலவையிட்ட சத்தத்தில் பக்கத்து அறைக் கதவுகள் திறந்தன. ஹதாசா கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பட்டையை நீயே வச்சுக்க, வீட்ல இன்னும் நாலு இருக்கு," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். மால்கம் படிவத்தை எடுத்தார். 'முகம் மழிக்கப்பட்டுள்ளதா?' என்ற இடத்தில் இல்லை என்று எழுதினார். கடைசி வரியில் தேர்ச்சி என்று எழுதி, இரண்டின் கீழும் கோடு போட்டார். கோடு போட வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது.

குல்தார் கையைக் கழுவி, பட்டையும் ரப்பரும் புது முகமூடியுமாக மூன்றாம் எண் அறைக்கு வந்தான். முதல் கதவைத் திறந்து உள்ளே போய் மூடினான். இரண்டாவது கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆக்டன் தலையணையில் சாய்ந்திருந்தார். உள்ளே வரப்போவது யார் என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முகமூடிக்கு மேலே கண்களும், ஊதாப் பட்டை சுற்றிய தலைப்பாகையும் தெரிந்திருக்க வேண்டும். குல்தார் கைப்பிடியை அழுத்தினான். கிழவர் போர்வைக்குள்ளிருந்து வலது கையை வெளியே எடுத்து, ஊசிக் குழாய் ஆட ஆட, ஓட்டுப் போடுகிறவர்போலத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். அவன் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும்வரை அதை இறக்கவே இல்லை.