ஐந்து லேபிள் கம்பெனி

"வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கேசட்டுல விளையாட்டுப் போட்டு வித்த ஆளு, இந்தச் சீமையிலயே நான் ஒருத்தந்தான்" என்று சுந்தரபாண்டி ஆரம்பித்தார். எதிரே மணிமுத்து தலையாட்டிக்கொண்டிருந்தான். ஆமத்தூர்க்காரன், பெங்களூரில் வேலை. அந்தக் காலத்து விளையாட்டுக் கம்பெனிகளைப் பற்றிப் புத்தகம் எழுத சிவகாசிக்கு வந்திருந்தான். சுந்தரபாண்டியின் தங்கை கற்பகவல்லி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வாயைத் திறந்தால் மூடவைக்க இன்னும் ஆள் பிறக்கவில்லை.

விளையாட்டை எழுதியவள் அவள்தான். எண்பதுகளின் நடுவில், விருதுநகரில் கணக்குப் பட்டம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தாள். தன் தீப்பெட்டி லேபிள் அச்சாபீசுக்கென்று அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த சின்னக் கம்ப்யூட்டர் அவள் கைக்கு வந்தது. முதலில் 'திரி' எழுதினாள். பற்றிய திரி வெடியைத் தொடுவதற்குள் ஆள் தப்பித்து ஓட வேண்டும். அண்ணன் அதைக் கேசட்டில் ஏற்றி, கலர் லேபிள் ஒட்டி மதுரைக்கும் சென்னைக்கும் அனுப்பினார். நன்றாகவே விற்றது.

அடுத்தது 'ஆனைக்குட்டம்'. பக்கத்து அணைக்கட்டின் பேர். அதில் தண்ணீர் வற்றுவதற்குள் மதகுகளைத் திறந்து மூடி எல்லா வயலுக்கும் பாய்ச்ச வேண்டும். இரண்டு வருசம் ராப்பகலாக எழுதினாள். வாழ்க்கையில் தான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான் என்று இன்றைக்கும் நம்பினாள். கேசட்டை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, கல்யாணமாகி காரியாபட்டிக்குப் போனாள். பிறகு லேபிள் மட்டும் தபாலில் வந்தது. மதகும் தண்ணீருமாக அருமையான அச்சு. அதை மகளிடம் காட்டிக் காட்டியே இத்தனை காலம் ஓட்டிவிட்டாள். மாமியார் வீட்டில் கம்ப்யூட்டர் ஏது, போட்டுப் பார்க்க?

மணிமுத்து இப்போது 'ஆனைக்குட்டம்' கேசட் ஒன்றையே கொண்டுவந்திருந்தான். சென்னையில் யாரோ பரணிலிருந்து எடுத்துக் கொடுத்ததாம்.

"எழுதுனவுக முன்னாலதான் போடணும்னு இருந்தேம்மா" என்று பழைய கம்ப்யூட்டரை டிவியில் மாட்டினான்.

கேசட் கீச்சென்று கத்தியது. கற்பகவல்லி நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். விளையாட்டு ஏறும்போது வரும் கோடுகள் ஓடி அடங்கியதும் திரையில் ஒரு திரி பற்றிக்கொண்டு ஓடியது.

"மாத்திப் போட்டுட்டீகளா தம்பி?"

அவன் கேசட்டைத் திருப்பிப் போட்டான். அந்தப் பக்கமும் திரிதான்.

சுந்தரபாண்டி சிரித்தார். "எல்லாத்துலயும் அதாம்ப்பா இருக்கும். தீப்பெட்டிக்கு என்ன செய்றோம்? குச்சி ஒன்னுதான், ஊருக்கு ஊரு லேபிள மாத்துறோம். அப்பிடி அஞ்சு லேபிளு போட்டோம்ல!"

தீக்குச்சி வாங்கியவன் கிழித்துப் போட்டுவிட்டுப் போவான், விளையாட்டு வாங்கியவன் மறுநாள் சட்டையைப் பிடிப்பான் என்பது அந்த மனுசனுக்கு உறைக்கவேயில்லை. லோடு லோடாகச் சரக்கு திரும்பி வந்து கம்பெனி மூடியதற்கு, இன்றுவரை அவர் சென்னைக் கடைக்காரர்களைத்தான் திட்டுகிறார்.

"அப்ப நான் குடுத்த கேசட்டு எங்கண்ணே?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஒன் கல்யாணம் முடிஞ்ச கையோட மதுரை ஆர்டர் வந்துச்சு. கேசட்டு பத்தல. கையில கெடந்ததுல எல்லாம் திரிய ஏத்தி அனுப்பிட்டோம்."

"என்னுது மேலயுமா?"

"ஓடுற சரக்கு அதானே தாயி."

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது தீர்த்திருப்பாள்.

மணிமுத்து தயங்கினான். "தாள்ல எங்கயாச்சும் எழுதி வச்சிருக்கீகளாம்மா? ஏதாச்சும் இருந்தா ஒங்க பேரு போட்டு எழுதிருவேன். இல்லன்னா இந்தக் கம்பெனி போட்டது ஒரே விளையாட்டுன்னுதான் எழுதணும்."

"நேரா கம்ப்யூட்டர்ல அடிச்சதுதான் தம்பி. ஒன்னும் இல்ல."

"இதுக்குப் போயி கண்ணக் கசக்குற?" என்றார் அண்ணன். நிசமான பாசம்தான். "மறுபடி எழுதிட்டாப் போச்சு. எழுதுனது நீதானே?"

கற்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டு தேடிப் பார்த்தாள். முதல் மதகு எப்படித் திறந்தது, தண்ணீரை எந்தக் கணக்கில் ஓடவிட்டோம், முதல் வரியில் என்ன அடித்தோம் என்று ஒவ்வொன்றாகத் துழாவினாள். ஒன்றும் வரவில்லை. அந்த லேபிள் படம்தான் திரும்பத் திரும்ப வந்தது.