பத்தொன்பது நாள் நின்ற கார்

1

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு வேலைச் சீட்டிலிருந்து பிறந்தது. கார் ஷெட்டில், வண்டிக்கு என்ன கோளாறு, என்ன செய்தோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார்களே, அந்தச் சீட்டு. அதில் ‘காரணம்’ என்ற கட்டத்துக்கு நேரே ஒரு வரி வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்தது நான். மொத்தம் நான்கு சொற்கள். நான் எழுதியவற்றில் இவ்வளவு சீக்கிரம் ஒரு ஆளைச் சாய்த்த வரி வேறில்லை.

ஷெட் என் நாத்தனாருடையது. சின்ன வயதில் டெஸ்டரை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்த எல்லா ப்ளக்கிலும் குத்திப் பார்த்ததால் அவளுக்கு டெஸ்டர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவள் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு “இது யாரு?” என்று கேட்ட சொந்தக்காரர்கள் உண்டு. பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடுகிற ஹைப்ரிட் கார்களை மட்டும்தான் பார்ப்பாள். அதிலும் மற்ற ஷெட்டுகளில் கைவிட்ட பழைய வண்டிகள்.

[முதல் தொடக்கம்: “கார் செத்துக் கிடந்தது.” அடித்துவிட்டேன். இந்தக் கதையில் நிஜமாகவே ஒருவர் செத்துப்போகிறார். அந்தச் சொல்லை வண்டிக்குச் செலவழிக்க மனம் வரவில்லை.]

[இரண்டாவது: “மழை வரும்போலிருந்த ஒரு காலையில்—” மழையெல்லாம் இல்லை. சும்மா சேர்த்தேன்.]

மூன்றாவது முறை, நடந்தபடியே எழுதுகிறேன்.

2

பதினான்கு வயதான ஒரு வெள்ளைக் காரை இழுவை வண்டி கொண்டுவந்து ஷெட் வாசலில் இறக்கியது. பின்னாலேயே ஆட்டோவில் ஒரு அம்மா வந்து இறங்கினார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுப்பவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பேசும்போது எதிராளியின் முகத்தைவிட மூக்குக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்ப்பாராம். தொழில் பழக்கம். நாமும் அவரைக் கண்ணாடியம்மா என்றே சொல்லிக்கொள்ளலாம்.

“என்னம்மா பிரச்சினை வண்டில?”

“ஸ்டார்ட் ஆகல.”

“பாத்து ரெடி பண்ணிடலாம். ரெண்டு நாள்—”

“ரெடி பண்ண வேணாம். அன்னிக்கு ஏன் ஸ்டார்ட் ஆகலன்னு மட்டும் சொல்லு. அது போதும்.”

அன்றைக்கு என்றால் பத்தொன்பது நாளுக்கு முன்னால். காலை ஆறே கால். அவர் கணவர், மருந்துக்கடைக்காரர், முகம் கழுவப் போனவர் குழாயைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அம்மாவும் மகளும் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து காரில் உட்கார வைத்தார்கள். அம்மா பிரேக்கை மிதித்துப் பொத்தானை அமுக்கினார். விளக்குகள் ஒருமுறை மினுங்கி அணைந்தன. டிக் டிக்கென்று உள்ளே ஏதோ அடித்துக்கொண்டது. அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் தன் காரை எடுத்துக்கொண்டு போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை. ஆம்புலன்ஸ் வர முப்பத்தெட்டு நிமிஷம். ஆஸ்பத்திரி காரில் ஒன்பது நிமிஷ தூரம்.

அந்த முப்பத்தெட்டு நிமிஷத்தில் மகள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள். “நேத்து டிக்கிய நீதானம்மா மூடுன? சரியா மூடலன்னா ராத்திரி பூரா உள்ள லைட் எரியும். பேட்டரி போயிடும்.”

அதற்குப் பிறகு மகள் அதைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் அம்மாவை ஷெட்டுக்குக் கொண்டுவந்தது.

3

(வாசகருக்கு ஒரு சின்ன விளக்கம். வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம். ஆனால் ஒரு மனிதரின் கடைசி ஒரு மணி நேரம் இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் காருக்கு இரண்டு பேட்டரி. சக்கரத்தைச் சுழற்றுவது பின் சீட்டுக்கடியில் இருக்கும் பெரியது. தொட்டால் ஆளையே கொன்றுவிடும். ரேடியோ, விளக்கு, காரின் மூளை இவற்றை நடத்துவது டிக்கிக்குள் இருக்கும் சின்னது. சின்னது விழித்துக்கொண்டு கதவைத் திறந்தால்தான் பெரியது வேலைக்கு வரும். சின்னது படுத்துவிட்டால், பெரியது முழுத் தெம்போடு இருந்தாலும் வண்டி கிளம்பாது.)

டெஸ்டர் சின்ன பேட்டரியில் மீட்டரை வைத்தாள். பன்னிரண்டுக்கு மேல் காட்ட வேண்டிய இடத்தில் நாலு காட்டியது.

“அப்ப நான்தானே?” என்றார் கண்ணாடியம்மா.

“இருங்கம்மா. பத்தொம்போது நாள் சும்மா நின்ன வண்டி. எந்த பேட்டரியும் எறங்கத்தான் செய்யும். இத வச்சு அன்னிக்கு நடந்ததச் சொல்ல முடியாது.”

ஷெட்டிலிருந்த நல்ல பேட்டரியிலிருந்து இரண்டு வயரை இழுத்து மாட்டினாள். பிரேக், பொத்தான். திரை வெளிச்சமானது. ‘தயார்’ என்ற பச்சை விளக்கு வந்தது.

“ஆகலையே,” என்றார் அம்மா. எஞ்சின் சத்தத்தை எதிர்பார்த்துக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“ஆயிடுச்சும்மா. இந்த வண்டி அப்படித்தான், சத்தமில்லாமத்தான் கெளம்பும்.”

அம்மா பக்கத்தில் கிடந்த டயரில் உட்கார்ந்துவிட்டார். “இவ்வளவுதானா?” என்றார்.

[இந்த இடத்தில் “அவர் கண்களிலிருந்து நீர்—” என்று எழுதி நிறுத்தினேன். டெஸ்டர் சொன்னபடி அவர் அழவில்லை. டயரின் பட்டையில் படிந்திருந்த மண்ணை விரல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். அதையே வைக்கிறேன்.]

“ரெண்டு நாள் குடுங்கம்மா,” என்றாள் டெஸ்டர். “முழுசாப் பாத்துட்டுச் சொல்றேன்.”

4

முழுசாகப் பார்த்தாள். அதுதான் அவளிடமுள்ள கெட்ட குணம்.

டிக்கி விளக்கை முதலில் கழற்றினாள். பல்பின் கண்ணாடி உள்ளே கறுத்திருந்தது. கம்பி அறுந்து, பித்தளை மூடி பச்சை பூத்திருந்தது. அந்த விளக்கு எரிந்து வருஷக்கணக்காகியிருக்கும். டிக்கியை விடிய விடியத் திறந்து போட்டிருந்தாலும் அது பேட்டரியைக் குடித்திருக்காது. அம்மா மேல் தப்பில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

காரின் மூளைக்குள் பதிந்திருந்த கோளாறுக் குறிப்புகளைக் கணினியில் எடுத்தாள். கடைசிக் குறிப்பில் பிரேக்கை மிதித்ததாக இருந்தது. அது அந்தக் காலை. அதற்கு முந்தையதும் அதே கிலோமீட்டரில்தான் பதிவாகியிருந்தது. அதாவது வண்டி கடைசியாக ஓடி நின்ற பிறகு. அதில் பிரேக்கை மிதிக்காமலே பொத்தானை அமுக்கியிருந்தது. பொத்தான் ரேடியோ மட்டும் பாடுகிற நிலையில் ஒரு மணி ஐம்பது நிமிஷம் இருந்திருக்கிறது. பேட்டரி அப்போதுதான் விழுந்திருக்கிறது.

யாரோ ஓடாத காரில் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

பெரிய பேட்டரியையும் சோதிக்க வேண்டும் என்று ரப்பர் கையுறை மாட்டி, மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆரஞ்சு நிறப் பூட்டைப் பிடுங்கி, பத்து நிமிஷம் காத்திருந்து, பின் சீட்டின் ஓரத்தில் காற்று இழுக்கும் ஜன்னலைத் திறந்தாள். வழக்கமாக அதில் தூசியும் முடியும் அடைத்துக் கிடக்கும். இதில் காலி மாத்திரை அட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றும் நாலாக மடித்து, ஒன்றன் பின் ஒன்றாகச் செருகியது. இருபத்தாறு. நெஞ்சுவலி வரும்போது நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை.

[மருந்துக்கடைக்காரர் பாத்திரம் எனக்குப் பிடிபடவே இல்லை. மூன்று முறை அவரை அந்தப் பின் சீட்டில் உட்கார வைத்துப் பார்த்தேன். “வலி குறையும்வரை அவர் ரேடியோவில்—” நிறுத்தினேன். என்ன கேட்டார் என்று எனக்கு எப்படித் தெரியும்? “மகள் வெளியூர் வேலைக்குக் கிளம்பும்வரை யாருக்கும் தெரியக்கூடாதென்று—” இது நானாகக் கட்டியது. மகளுக்கு அப்படி ஒரு வேலை இருந்ததா என்றுகூடத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: சாயங்காலம் காரைத் துடைத்துவிட்டு வருகிறேன் என்று போவாராம். முழு ஸ்டார்ட்டில் வைத்தால் நடுநடுவே எஞ்சின் தானாக எழுந்து சத்தம் போடும், வீட்டிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள். அதனால்தான் ரேடியோ நிலையோடு நிறுத்திக்கொண்டிருக்க வேண்டும். என் கணவரும் வண்டியை நிறுத்திவிட்டு உடனே இறங்க மாட்டார். ஏன் என்று நான் இதுவரை கேட்டதில்லை.]

5

மறுநாள் காலை டெஸ்டர் வேலைச் சீட்டோடு என் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள்.

“அண்ணி, நீங்க எழுதுறவங்கதானே? இந்தக் கட்டத்துல ஒரு வரி எழுதிக் குடுங்க.”

எல்லாவற்றையும் கேட்டேன். “மாத்திரைய அவங்ககிட்ட காட்டப் போறியா?”

“காட்டுனா, கூடவே இருந்தும் கவனிக்காம விட்டோமேன்னு அந்தம்மா உடைஞ்சிடும். காட்டலன்னா நான் திருடி.”

“யார் மேலயும் பழி விழாதமாதிரி எழுதிடலாம்.”

சீட்டை வாங்கி எழுதினேன்: பழைய பேட்டரி. இயல்பான தேய்மானம்.

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எவ்வளவு சிக்கனம்! அதில் ஆளே இல்லை, செயலே இல்லை. முழுப் பொய்யும் இல்லை. ஆறு வருஷத்துப் பேட்டரிதான். டெஸ்டர் சீட்டைப் பார்த்துக்கொண்டே, “புதுசா இருந்திருந்தா ரெண்டு மணி நேரம் ரேடியோவத் தாங்கியிருக்கும்தான்,” என்றாள். நான் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். அவள் சொன்னதன் அர்த்தத்தை யோசிக்கவில்லை.

6

அம்மா தனியாக வரவில்லை. மகளும் வந்திருந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பெண். அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள்.

டெஸ்டர் பல்பைக் கையில் வைத்துக் காட்டினாள். “பாருங்க. இது எரிஞ்சு ரொம்ப நாளாச்சு. டிக்கிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

கண்ணாடியம்மா பல்பை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, லென்ஸைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நீளமாக மூச்சு விட்டார். அத்தனை நாளாக இறங்காத தோள் இறங்கியது என்றாள் டெஸ்டர்.

மகள் சீட்டை எடுத்துப் படித்தாள். என் வரியைப் படித்தாள்.

“பழைய பேட்டரியா?”

“ஆமா. ஆறு வருஷம்.”

“அக்கா, போன சர்வீஸுக்கு வண்டிய நான்தான் எடுத்துட்டுப் போனேன். சின்ன பேட்டரி வீக்கா இருக்கு, மாத்திடுங்கன்னு சொன்னாங்க. இன்டர்வியூக்கு லேட்டாயிடுச்சு. அடுத்த தடவ பாத்துக்கலாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.” அவள் சீட்டை மேசைமேல் நேராக வைத்தாள். ஓரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து இன்னொரு முறை நேராக்கினாள். “அப்பாகிட்ட சொல்லவே இல்ல.”

அவள் எழுந்துபோய்க் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

யார் மேலும் விழாது என்று நான் நினைத்த பழி, விழ ஒரு இடம் தேடிப் போய்ச் சேர்ந்துவிட்டது.

7

முடிவுகளை வைத்துச் சில நாட்கள் அலைந்தேன். டெஸ்டர் காருக்கு ஓடிப்போய் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற முடிவு ஒன்று. மாத்திரை அட்டைகளைக் குப்பையில் போட்டுவிட்டு அம்மாவிடம் சாவியைக் கொடுத்தனுப்புகிற முடிவு ஒன்று. இரண்டும் நடக்கவில்லை. நடந்தது இது.

டெஸ்டர் மேசை டிராயரைத் திறந்து, உறையில் போட்டு வைத்திருந்த அட்டைகளை அம்மாவின் முன் வைத்தாள். எங்கே இருந்தன என்று சொன்னாள். ரேடியோ, ஒரு மணி ஐம்பது நிமிஷம், எல்லாம் சொன்னாள்.

மருந்துக்கடைக்காரரின் மனைவிக்குப் பெயரைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. அட்டையின் நிறம் போதும்.

“எத்தன?”

“இருபத்தாறு.”

“ஒரு அட்டைக்குப் பத்து.” அம்மா உதட்டை அசைத்துப் பெருக்கிப் பார்த்தார். “அவ்வளவு தடவையா?”

அட்டைகளை உறையிலிட்டு, உறையைக் கைப்பையின் அடியில் வைத்து, மேலே தண்ணீர் பாட்டிலை வைத்தார். எழுந்தார். கார் கதவைத் திறந்து மகளின் பக்கத்தில் குனிந்தார். டெஸ்டரும் பின்னாலேயே போனாள்.

“இங்க பாருடி,” என்றார் அம்மா. “அந்த பல்பு அன்னிக்கு ராத்திரிதான் போயிருக்கணும். விடிய விடிய எரிஞ்சதாலதான் கருகியிருக்கு. நான்தான் டிக்கியச் சரியா மூடல. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கையில பை இருந்துச்சு, முட்டியால தள்ளிட்டு வந்துட்டேன்.”

மகள் நிமிர்ந்து பார்த்தாள். “அக்கா ரொம்ப நாளாச்சுன்னாங்களே.”

“அவங்க ஒரு குத்துமதிப்பாச் சொன்னாங்க.” அம்மா திரும்பினார். குரலில் ஒரு நடுக்கமுமில்லை. “அப்படியும் இருக்கலாம்தானேம்மா? நீயே சொல்லு அவகிட்ட.”

எழுத்தாளராக என் வேலை இனி ஒரு வரிதான். ‘ஆமாம்’ என்றால், தப்பே செய்யாத ஒருத்தி மிச்ச ஆயுளுக்கும் அந்த டிக்கியைச் சுமப்பாள். மகளும் ஒருநாள் கோபத்தில் அதை எடுத்து வீசுவாள். ‘இல்லை’ என்றால், அம்மா மூடிவைத்த கைப்பை அங்கேயே திறக்கும். இல்லாவிட்டால் இந்தப் பெண் அந்தச் சட்டையோடு அப்படியே உட்கார்ந்திருப்பாள். டெஸ்டர் என்ன சொன்னாள் என்று கேட்டேன். சொன்னாள். அதை இங்கே மூன்று விதமாக எழுதிப் பார்த்து, மூன்றையும் அடித்துவிட்டேன்.

நீங்கள் இப்போது ஷெட்டில் நிற்கிறீர்கள். கையில் கறுத்த பல்பு. அம்மா உங்கள் முகத்தைப் பார்க்கிறார், கண்ணாடியை அல்ல. மகள் கதவின் பிடியில் கை வைத்துக்கொண்டு கேட்கிறாள்:

“அப்படியாக்கா?”