கழுத்தில் ஒரு குழி

நாங்கள் குடியிருக்கும் ஆலன் நகரிலிருந்து அரை மணி நேரம் டிரைவ் செய்தால் வரும் அருங்காட்சியகத்தில் ரோமானியச் சிலைகளுக்கென்று ஒரு கூடம் இருக்கிறது. அங்கே வழிகாட்டியாகத் தொண்டு செய்ய வேண்டும் என்பது என் மனைவி ஜெயசெல்வியின் ஆசை. முதல் தேர்வில் தவறிவிட்டாள். இன்னொரு வாய்ப்பு தந்தார்கள். அதிலும் தவறினால் அவ்வளவுதான்.

பாடம் தெரியாமல் தவறவில்லை. ரோமப் பேரரசர்களைப் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் அங்கே வழிகாட்டி பிரசங்கம் செய்யக் கூடாது. யோசிக்க வைக்கும் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். செல்விக்கு அதுதான் வரவில்லை. தூத்துக்குடியில் கோயில் ஞானோபதேச வகுப்பில் வேதபாடம் படித்து வளர்ந்தவள். அங்கே கேள்வியையும் விடையையும் சேர்த்தே மனப்பாடம் செய்வார்கள்.

வீட்டில் ஒத்திகை. நானும் மகள் ஷைனாவும் பார்வையாளர்கள்.

“இந்தச் சிலைக்கு ஏன் தலை இல்லை? ஏன்னா, தலையைத் தனியா செஞ்சு…”

“அம்மா! யூ டிட் இட் அகெய்ன்!” ஷைனா சோபாவில் விழுந்து சிரித்தாள்.

“வெயிட் பண்ணு செல்வி.”

“நல்லா சொல்லுவீங்க. ரெண்டு பேரும் பேயறஞ்ச மாதிரி உக்காந்திருந்தா எனக்குத்தான பாவமா இருக்கு.”

தேர்வு நாளில் நானும் ஷைனாவும் பார்வையாளர் குழுவோடு சேர்ந்துகொண்டோம். பயிற்சியாளர் மார்கரெட் கடைசியில் நின்று குறிப்பெடுத்தார். செல்வி எங்களைத் தலையில்லாத ஒரு பளிங்குச் சிலையின் முன் நிறுத்தினாள். டோகா என்னும் நீண்ட மேலாடை, மடிப்பு மடிப்பாக.

“உடைந்த கல் கரடுமுரடாக இருக்கும். இந்தக் கழுத்தைப் பாருங்கள், கிண்ணம் போலக் குழி. ஏன்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

யாரும் பேசவில்லை. அவள் விரல்கள் அடையாள அட்டையின் நாடாவை முறுக்கிக்கொண்டிருந்தன. உதடு ஒருமுறை திறந்து மூடியது.

எனக்கு விடை தெரியும். பட்டறையில் உடல்களை முன்கூட்டியே செதுக்கி வைப்பார்கள். தலையைத் தனியாகச் செய்து அந்தக் குழியில் பொருத்துவார்கள். ஆள் மாறினால் தலையை மட்டும் மாற்றலாம். பழைய முகத்தையே சீவிப் புது முகமாக்கியதும் உண்டு. எவ்வளவு அழகான ஏற்பாடு! தாங்க முடியாமல் கையைத் தூக்கினேன். செல்வி என்னைத் தாண்டிப் பார்த்தாள்.

கடைசியில் கௌபாய் தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் தயங்கிக் கேட்டார். “பல்பு மாதிரியா? தலையைக் கழற்றி மாட்டலாமா?”

“அப்படியானால், எப்போது மாற்றியிருப்பார்கள்?”

“ராஜா மாறும்போது,” என்றார் ஒரு பாட்டியம்மா. கூட்டம் சிரித்தது.

அப்போது செல்வி, வீட்டில் ஒருமுறைகூடச் சொல்லிப் பார்க்காத ஒன்றைக் கேட்டாள். “பேரரசரின் சிலைக்கு முன்னால் சாம்பிராணி போட்டுக் கும்பிட்டார்கள். நேற்று ஒரு தலை, இன்று வேறு தலை, அதே உடல். கும்பிட்டவர் யாரைக் கும்பிட்டார்?”

இதற்கு எனக்கு விடை தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தேன், அவளுக்கும் தெரியாது. அப்படியே நின்றாள்.

“த டோகா,” என்றாள் ஷைனா. “ஆள் யாரா இருந்தா என்ன, பதவிதான்.”

“பயம்,” என்றார் பாட்டியம்மா. “கும்பிடாதவர் தலையும் போகும்.”

“பயந்தால் வரி கட்டுவான். சாம்பிராணியை மனசாரப் போடுவானா?” என்று தொப்பிக்காரர் சண்டைக்கு வந்தார். ஷைனா அவரை விடவில்லை.

“மன்னிக்க வேண்டும்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். மார்கரெட். குறிப்பெடுக்கும் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்திருந்தார். “கும்பிட்டவர் உண்மையாகவே நம்பியிருக்கக் கூடாதா?”

அடுத்த கூடத்துக்குப் போக வேண்டிய நேரம் தாண்டியும் யாரும் நகரவில்லை. செல்வி ஒரு வார்த்தை சொல்லாமல், பேசுகிறவர் பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். இவள் என் மனைவி என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவரிடம் சொன்னேன்.

“சனிக்கிழமை காலைக் குழு உங்களுக்கு,” என்று செல்வியிடம் சொல்லிவிட்டு, மார்கரெட் மறுபடியும் தொப்பிக்காரரிடம் வாதாடத் திரும்பினார்.