தலைகீழாக ஒட்டிய கட்டம்

மியூச்சுவல் ஃபண்டு ஏஜெண்டு என்று வலியசாலையில் எனக்கொரு மதிப்பு இருந்தது. கத்தரிக்கோலும் கோந்தும் வாங்கி நானே அதை ஒழித்தேன்.

ஒரு ஃபண்டின் குணத்தைக் காட்ட ஒன்பது கட்டம் கொண்ட சதுரம் அச்சிட்டிருப்பார்கள். மேலே இடது மூலை கறுத்திருந்தால் பெரிய கம்பெனிகள், நிதானமான பங்குகள். கீழே வலது மூலை என்றால் சின்னக் கம்பெனிகள், எகிறி விழும் பங்குகள். நான் விற்ற ஃபண்டின் சதுரத்தை மட்டும் வெட்டி என் நோட்டீசில் ஒட்டினேன். ஓரங்களில் அழகான கையெழுத்தில் விளக்கமும் எழுதி நூறு காப்பி எடுத்தேன். ஒட்டியது தலைகீழாக என்பது 2001 மார்ச்சில், ஒரு சனிக்கிழமை காலையில்தான் கண்ணில் பட்டது.

அதைத் திருத்துவதற்குள் பத்மஜா மாமி வந்துவிட்டாள். பேங்கில் விருப்ப ஓய்வு வாங்கியவள். மாமா நெஞ்சுவலிக்காரர். டிசம்பரில் என் நோட்டீசை நம்பி ஐம்பதாயிரம் போட்டிருந்தாள். இன்று மிச்சமிருந்த நாலு லட்சத்துக்கும் செக். அதற்குமேல் அவளிடம் எதுவும் கிடையாது.

"பேரு சரியா எழுதியிருக்கேனா, பாரு."

எட்டாயிரம் ரூபாய் கமிஷன். வாசலில் நின்ற என் ஸ்கூட்டரின் வழுக்கை டயர் என்னையே பார்த்தது.

"மாமி, போட்ட பணம் எவ்வளவு எறங்கினா தாங்குவேள்?"

"அதான் நீ இருக்கயே."

எங்கள் தெருவில் எல்லோரும் சொல்லும் பதில். விண்ணப்பத்தில் இந்தக் கேள்விக்கு 'மிதம்' என்று நானே எழுதிக்கொள்வேன். பேனாவைத் திறந்தேன். மூடினேன். நோட்டீசைத் தலைகீழாகத் திருப்பி அவள் முன்னால் வைத்தேன்.

"நான் ஒட்டினது தப்பு. கறுப்பு இங்கதான் இருக்கணும். கீழே, எகிறி விழற எடத்துல."

மாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"போட்ட அம்பதாயிரம்?"

"இன்னிக்கு முப்பத்தோராயிரம்."

மாமி தாளை என் பக்கம் தள்ளினாள்.

"ஒரு துண்டுக் கடுதாசியை நேரா ஒட்டத் தெரியாதவனாக்கும் எனக்கு வழி சொன்னது."

"ஆமாம் மாமி. திட்டறது அப்புறம் ஆகட்டும். இந்த நாலு லட்சத்துல எவ்வளவு போனா தாங்கும்? நீங்கோ சொல்லணும்."

அவள் செக்கை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"ஒத்த ரூபா போகப்படாது. அடுத்த மாசம் விஷு கழிஞ்சா மாமாவுக்கு ஆப்பரேஷன்."