இடது தோளில் நீலக் குறி

...இன்னும் அரைச் சுற்று, அரைச் சுற்றுதான், இந்த ஒரு போல்ட் கழன்றுவிட்டால் அடுத்தது தானாக வரும், என்று தனக்குள் சொல்லிக்கொண்டே நெரிஸ் ஸ்பேனரின் மேல் உடம்பின் பாரத்தையெல்லாம் சாய்த்தாள், சிமெண்டுத் தரையின் குளிர் முழங்கால் வழியாக ஏறிக்கொண்டிருந்தது, போல்ட் அசையவில்லை. குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள், பனி உறையாமல் இருக்க, அந்த உப்பெல்லாம் கடைசியில் வந்து உட்காருகிற இடம் இதுதான், மோட்டார் சைக்கிளின் அடிவயிறு. சைலன்சருக்குப் போகும் குழாய்க்குள் ஒரு வால்வு, பெரிய நாணயம் போல ஒரு தகடு, மெதுவாகப் போகும்போது பாதி மூடும், வேகம் எடுத்தால் திறக்கும், அவ்வளவுதான் அதன் வேலை, யார் கண்ணுக்கும் தெரியாமல் மூடித் திறந்துகொண்டிருக்கும். அது இறுகிப்போனால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும். நேற்று சாயங்காலம் எரிந்துவிட்டது. விளக்கு எரிகிற வண்டியை எடுக்கக் கூடாது, இது அவர்கள் தன்னார்வக் குழுவின் விதி, பஞ்சாயத்துக்கே இடமில்லாத விதி. பன்னிரண்டு மணிக்கு அவள் முறை தொடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரி வண்டிகள் ஓடாத நாள், ரத்தமோ, சோதனைக்குப் போகும் குப்பியோ, குறைமாதக் குழந்தைக்கு வேறு யாரோ ஒரு தாய் கொடுத்த உறைந்த பாலோ, எது வந்தாலும் மலையின் இந்தப் பக்கத்துக்கு அவள்தான். சம்பளம் கிடையாது, பெட்ரோல்கூடச் சொந்தச் செலவு, அறுபத்தொரு வயதில் மஞ்சள் கோட்டு போட்டுக்கொண்டு இதைச் செய்ய உனக்கு என்ன தலையெழுத்து என்று அக்கா கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள்... மணி என்ன, ஒன்பதரை, ஒன்பது நாற்பது?

"பத்து நம்பர் குடு எம்," என்று கையைப் பின்னால் நீட்டினாள். கவிழ்த்துப் போட்ட தீவன வாளியின் மேல் உட்கார்ந்திருந்த எம்லின் ஒரு ஸ்பேனரை வைத்தான். பொருத்திப் பார்த்தாள், லொடலொடவென்று ஆடியது. "இது பன்னெண்டு." "பன்னெண்டா? கண்ணாடி உள்ளயே இருக்கு, விடு." இது இரண்டாவது தடவை. அவனும் எதற்கு இந்தக் குளிரில் வந்து உட்கார வேண்டும், ஞாயிறு பத்து மணிக்குத் தேவாலயத்தில் அவன் இல்லாமல் கட்டைக்குரல் வரிசை நிற்காது, கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் காய்ச்சலோடுகூடப் போய்ப் பாடியவன், இன்றைக்கு என்னவோ தொண்டை சரியில்லை என்கிறான், தொண்டை சரியில்லாதவன் இப்படியா வாய் ஓயாமல் பேசுவான். "நான் ஒண்ணு சொல்றேன் கேளு. பேசாம ஹ்யூவுக்கு ஒரு போன் போடு, உன் முறைய இன்னைக்கு அவன் ஓட்டட்டும். அவன் பொண்டாட்டி ஊர்ல இல்ல, சும்மாதான் கெடப்பான். நீ வா, ரெண்டு மணிக்கு ரக்பி பாக்கலாம்." "உனக்கு ரக்பி பாக்கத் துணை வேணும்னா நாயைக் கூப்பிடு." "நாய் எதிராளிக்கில்ல குரைக்குது." அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் கையில் பிடி நழுவும், பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டு எண்ணெய் டப்பாவைத் தேடினாள், இங்கேதானே வைத்தேன், துருவை இளக்கும் எண்ணெய், சிவப்பு டப்பா... வாளிக்குப் பின்னால் எப்படிப் போயிற்று.

எண்ணெயை விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும், அது ஊறி இறங்கும் வரை ஒன்றும் செய்வதற்கில்லை, காத்திருப்பதுதான் ஆபத்து, கை சும்மா இருந்தால் மனம் அந்த இடத்துக்குப் போய்விடுகிறது. ஜன்னல் கட்டையில் ஒரு கவர் இருக்கிறது, அதற்குள் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கறுப்புச் செருகி, ஹ்யூ நேற்று ராத்திரியே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனது. இதை ஒயரில் செருகிவிட்டால் போதும் நெரிஸ், வால்வு செத்துக் கிடந்தாலும் எல்லாம் நல்லா இருக்குன்னு வண்டிக்கிட்டச் சொல்லிடும், விளக்கு அணைஞ்சிடும், பாதிப்பேர் இதைத்தான் மாட்டியிருக்கான்... வால்வு இறுகினால் வண்டி நின்றுவிடாது என்பதும் உண்மைதான், ஏற்றத்தில் கொஞ்சம் முக்கும், அவ்வளவுதான். ஆனாலும் அந்தச் சாமானைக் கையில் எடுத்தபோது அவளுக்குக் கூசியது. விளக்குக்குப் பொய் சொல்லுகிற சாமான். தனக்கு அது வேண்டாம் என்று ஹ்யூவிடம் கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டாள், அவன் முகம் சுருங்கிப்போயிற்று. நீ என்ன பெரிய யோக்கியம், என்று யாரோ உள்ளேயிருந்து கேட்டார்கள், மூன்று வாரமாக நீ எதைச் செருகிக்கொண்டு திரிகிறாய்?

மூன்று ஞாயிற்றுக்கு முன்னால். மலை உச்சியில் தேநீர் வண்டி நிற்கும் இடத்தில் பால் பெட்டியை அடுத்த மாவட்டத்துக்காரனிடம் மாற்றிக் கொடுத்தாள், மணி ஒன்று பத்து, நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள், அது நினைவிருக்கிறது. இறக்கத்தில் கல் பாலம், பாலத்தின் மேல் ஈரம், அதுவும் இருக்கிறது. அடுத்து இருப்பது, ஊர் எல்லைப் பெட்ரோல் பங்க், அவள் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறாள், ஹெல்மெட் கையில், பங்க் கடிகாரத்தில் மூன்று ஐந்து. நாற்பது நிமிஷப் பாதை. மீட்டரில் கூடுதலாக ஒரு மைல் ஓடியிருக்கவில்லை, அப்படியானால் எங்கேயோ நின்றிருக்கிறாள், எங்கே? கையுறை நனைந்திருந்தது. வலது முழங்காலில் பச்சையாகப் புல் கறை. இருபத்தாறு வருஷம் நூலக வேன் ஓட்டிய பாதை அது, எந்தத் திருப்பத்தில் எந்தக் கிழவி காதல் கதைப் புத்தகத்துக்காகக் காத்திருப்பாள் என்பது வரை தெரிந்த பாதை, மனம் எங்கோ இருக்கக் கை தானாக ஓட்டியிருக்கும், எல்லோருக்கும் நடப்பதுதானே, வீடு வந்தபிறகு எப்படி வந்தோம் என்று தெரியாமல்... சரி, கை ஓட்டியது, முழங்கால் எதற்காகப் புல்லில் மண்டியிட்டது?

அன்றைக்குப் போனில் டெலித் கேட்டாள், அவள்தான் ஞாயிறு முறைகளைப் பார்த்துக்கொள்பவள், முன்பு முடிதிருத்தும் கடை வைத்திருந்தவள், கத்தரியைப் போலவே பேச்சும். "எங்கடி போய்த் தொலைஞ்ச, ரெண்டு தடவை கூப்பிட்டேன்!" "ஆடு. ரோடு முழுக்க ஆடு. அம்பது அறுபது இருக்கும், நாய் ஒண்ணுக்கும் ஆகல." யோசிக்கவே இல்லை, நாக்கு தானாகப் புரண்டது. இந்த ஊரில் ஆடு என்று சொன்னால் மேலே கேள்வி கிடையாது, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தாமதமாக வந்தாலும் ஆடு, சாவுக்குப் பாதிரியார் வராவிட்டாலும் ஆடு. சாயங்காலம் எம்லினிடமும் அதையே சொன்னாள். பழரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். "யார் ஆடு?" நாற்பது வருஷம் ஆட்டுச் சந்தையில் ஏலம் கூவியவன், அவனிடம் ஆடு என்று மொட்டையாகச் சொல்ல முடியுமா. "இடது தோள்ல நீலக் குறி." ஒவ்வொரு பண்ணைக்கும் ஆட்டின்மேல் ஒரு சாயக் குறி உண்டு, வேன் ஓட்டிய காலமெல்லாம் அந்தச் சரிவில் அவள் பார்த்த குறி அது, கேட்டதும் அதுதான் வந்தது. "நீலமா. இடது தோளா." "ஆமா." அவன் ம் என்றான், இன்னொரு துண்டு வெட்டி அவள் தட்டில் வைத்தான், அவ்வளவுதான்.

டாக்டரிடம் போகலாம். போனால் என்ன சொல்வார் என்று தெரியும், முதலில் சாவியைக் கொடுங்கள், அப்புறம் தலையைப் படம் எடுக்கலாம் என்பார், உரிமம் போகும், ஆறு மாதமோ ஒரு வருஷமோ, அறுபத்தொன்றில் போனது திரும்பி வருமா. நூலக வேனை நிறுத்தியபோது அலுவலகத்திலிருந்து ஒரு பூச்செண்டு கொடுத்தார்கள், செலோபேன் தாளில் விலைச்சீட்டைக் கிழிக்க மறந்து. பிறகு இரண்டு வருஷம், சமையலறை ஜன்னலில் நின்று மழை பார்த்தது, எம்லின் மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனது... அந்த ஜன்னலுக்குத் திரும்பிப் போக அவளால் முடியாது. யாருடைய குழந்தை என்று தெரியாது, பெயர் தெரியாது, உள்ளங்கை அளவுக்கு எங்கோ ஒன்று கண்ணாடிப் பெட்டியில் கிடக்கிறது, அதற்கு இவள் வேண்டும், ஒரு மணி நேரத்துக்காவது. அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை, மூன்று வாரமாக, இரண்டு முறை போய்விட்டு வந்தாயிற்று, ஒவ்வொரு திருப்பத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள், பைத்தியம் மாதிரி, பாலம், வளைவு, ஒற்றை மரம், சிவப்புக் கதவு, ஒன்றும் தவறவில்லை. அன்றைக்குத் திரும்பும்போதுதானே நடந்தது, பெட்டி காலிதானே... இந்த இடத்துக்குத்தான் ஒவ்வொரு தடவையும் வந்து நிற்கிறாள். போகும்போது நடந்திருந்தால்? பால் இளகிக்கொண்டிருக்க, அவள் ஏதோ ஒரு புல்மேட்டில் மண்டியிட்டுக்கொண்டு?

போல்ட் ஒரு சின்னக் கீச்சொலியோடு இளகியது. மூடியைக் கழற்றினாள், இரண்டு கேபிள்கள், நடுவே சக்கரம், சக்கரத்தின் அச்சு முழுக்கப் பொரிந்த செம்மண் போலத் துரு. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள், எண்ணெய் விட்டாள், இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தாள், வலிந்து திருப்பினால் ஒடிந்துவிடும், பச்சைக்குழந்தையின் கையைச் சட்டைக்குள் நுழைக்கிற மாதிரி, மயிரிழை இந்தப் பக்கம், மயிரிழை அந்தப் பக்கம், வா, வா கண்ணு...

"ஹென்ட்ரே பண்ணை இஃவான் அடுத்த வாரம் சந்தைக்கு வர்றானாம்," என்றான் எம்லின், தேநீர்க் குவளைக்குள் பார்த்துக்கொண்டு. "மறுபடி ஆடு வாங்கப் போறானாம். போன அக்டோபர்ல எல்லாத்தையும் வித்துட்டானே, நான்தான் வெலை பேசி விட்டேன். பாவம், அதுக்கப்புறம் அந்தச் சரிவுல ஒத்தக் குளம்பு மிதிக்கல."

"அப்படியா," என்றாள். விரல்கள் சக்கரத்தின் மேலேயே நின்றுவிட்டன. ஹென்ட்ரே. இருபத்தாறு வருஷம் அந்த வாசலில் வேனை நிறுத்தி இஃவானின் அம்மாவுக்குத் துப்பறியும் புத்தகம் கொடுத்திருக்கிறாள். ஹென்ட்ரேயின் குறி நீலம். இடது தோளில்.

அப்படியானால் எம்லினுக்கு அன்றைக்கே தெரியும். ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்த அந்த நொடியிலேயே தெரியும். இந்த மூன்று வாரமாக அவள் கிளம்பும்போதெல்லாம் வாசல் கேட்டுவரை வருகிறான், வண்டி என்றால் முகத்தைச் சுளிக்கிறவன், திரும்பி வரும்போதும் அங்கேயே நிற்கிறான், எந்த வழியா வந்த, பாலத்துல ஈரமா, என்று கேட்கிறான், ஒருவழியாக மனுஷனுக்கு வண்டிமேல் ஆசை வந்துவிட்டது என்று அவள் போன வாரம்கூட மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். நாற்பது கஜத்துக்கு அப்பால் நிற்கும் ஆட்டின் காதுக் குறியைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறவனுக்குப் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா. எண்ணெய் டப்பா தானாகவா நடந்து வாளிக்குப் பின்னால் போயிற்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் ஏதாவது பேச வேண்டிவரும். ஏன் கேட்கவில்லை எம், ஒரு வார்த்தை, அது யார் ஆடுன்னு உண்மையச் சொல்லுன்னு... அவனுக்கும் அந்த ஜன்னல் ஞாபகம் இருந்திருக்குமோ, அதில் நின்ற நெரிஸைப் பார்ப்பதைவிடக் கேட்டில் நின்று பயப்படுவதே மேல் என்று? விரலுக்கடியில் ஏதோ விட்டுக்கொடுத்தது. சக்கரம் சுழன்றது, முழுச் சுற்று, எதிர்ச்சுற்று, வெண்ணெயாக.

கிரீஸ் தடவி, கேபிள்களை ஒரு மயிரிழைத் தொய்வோடு மாட்டி, மூடியை இறுக்கி முடித்தபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். சாவியைத் திருப்பினாள். சாவி போட்டதும் வால்வு தன்னைத் தானே சோதித்துப் பார்த்துக்கொள்ளும், ஒருமுறை முழுக்கத் திறக்கும், முழுக்க மூடும், சீட்டுக்கு அடியில் ர்ர்ர் என்று மோட்டார் முனகியது, மஞ்சள் விளக்கு ஒரு கணம் எரிந்து அணைந்தது. அணைந்தே இருந்தது. "சரியாயிடுச்சு," என்றாள். "ஆயிடுச்சா," என்றான் எம்லின், எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாதவன் போல நின்றான். போன் அடித்தது, கை முழுக்கக் கிரீஸ், அவன்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டான்.

"பால்தான்," என்றாள் டெலித். "கடற்கரை ஆஸ்பத்திரி, பன்னெண்டரைக்கு எடுக்கணும், வழக்கம்போல மலை உச்சியில கை மாத்தல். உன் ஆட்டுக்கூட்டத்துக்கிட்ட வழிவிடச் சொல்லி முன்னாடியே கடுதாசி போட்டுட்டியா?" அவளே சிரித்துவிட்டு, வழக்கமான கேள்விகளை முடி வெட்டுகிற வேகத்தில் அடுக்கினாள், ஒவ்வொரு முறை தொடங்கும் முன்பும் எல்லோரிடமும் கேட்பது. "பெட்ரோல்?" "இருக்கு." "ஆயில்?" "சரி." "டயர்?" "சரி." "பிரேக், விளக்கு?" "எல்லாம் சரி." "நீ?"

அதுதான் கடைசிக் கேள்வி. டெலித் கேட்டு முடிப்பதற்குள் நெரிஸ் பதில் சொல்லிவிட்டிருப்பாள் எப்போதும், எல்லோரும் அப்படித்தான், அதை யாரும் கேள்வியாகவே எண்ணுவதில்லை. எம்லின் போனை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நீட்டினான். அவன் அவளைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நெரிஸ்? லைன்ல இருக்கியா?"

"ஹ்யூ இன்னைக்குச் சும்மாதான் இருக்கான், டெலித். இப்பவே கூப்பிட்டா பன்னெண்டரைக்குப் போய்ச் சேந்துடுவான்."

"ஹ்யூவா? ஏன், வண்டி மக்கர் பண்ணுதா?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல," என்றாள்.

டெலித் கத்தரிப் பேச்சை விட்டு வேறு ஏதோ குரலில், சரிடா, நான் ஹ்யூவைப் பாத்துக்கறேன், சாயங்காலம் உனக்குக் கூப்பிடறேன், என்றாள். எம்லின் போனை அணைத்துக் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் வைத்தான். அவன் தோள்கள் கீழே இறங்கின, அவ்வளவு நேரம் அவை உயர்ந்திருந்தன என்பதே இறங்கியபோதுதான் தெரிந்தது, எவ்வளவு நாளாக? "டீ ஆறிடுச்சு," என்றான், "வேற போடட்டுமா?" தன் உள்ளே ஏதோ இலேசாகும் என்று அவள் காத்திருந்தாள், சொல்லிவிட்டால் இலேசாகும் என்றுதானே மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தாள், ஆனால் வந்தது கோபம், சுத்தமான, சூடான கோபம், தன் தலைக்குள் நடந்த ஒன்று தன்னைவிட முன்னால் இவனுக்குத் தெரிந்துவிட்டதே என்று... இனி தெரிய வேண்டியதையும் இப்படித்தான் முதலில் அவன் முகத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்குமோ?

"போடு," என்றாள். அவன் வீட்டுக்குள் போனதும், எதற்கென்று தெரியாமல், சாவியை மறுபடி ஒருமுறை திருப்பினாள், வால்வு தன்னைச் சோதித்துக்கொள்ளும் அந்த முனகல் கேட்டது, விளக்கு எரிந்து அணைந்தது.