கொஞ்சம் தடித்த கண்

என் வீட்டுக்காரர் பக்கிரிசாமிக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று நாங்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்து வரிசைவீட்டு லயமே முடிவு கட்டிவிட்டது. எண்பத்திரண்டாம் வருஷம், லைசென்சுக்காகக் கண் பார்த்த டாக்டர், "கண்ணில் அழுத்தம் அதிகம், விட்டால் பார்வை நரம்பு செத்துவிடும்" என்று சொட்டு மருந்து கொடுத்தார். மறுநாளே தேயிலை லோரியின் சாவி கைமாறியது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே மலை வளைவுகளில் லோரி ஓட்டிய மனுஷன், தொழிற்சாலையில் தேயிலைத் தூசு கூட்டினார். 

கூத்து என்னவென்றால், மருந்து போட ஆரம்பித்த பிறகுதான் அவருக்குப் பார்வையே மங்கியது. சாயங்காலம் பனி இறங்கினால் வாசற்படி தெரியாது.

"நோயி முத்திருச்சு, இன்னொரு வேள கூட்டிப் போடு" என்றார் தோட்டத்து மருந்துக்காரர். கூட்டிப் போட்டார், இன்னும் மங்கியது. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்தால் அழுத்தம் ஏறுமாம், லயத்துப் பெரிய மனிதர்கள் அதையும் தடுத்துவிட்டார்கள். குனிந்து செருப்பு மாட்டக்கூட விடவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஈப்போ பட்டணத்துக்குப் புதிதாக வந்திருந்த கண் டாக்டர் டோரீனிடம் அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

டோரீன் அம்மா ஏதோ புதுக் கருவியால் அவர் கண்ணை அளந்துவிட்டுச் சிரித்தார்.

"கருவிழி மேல கண்ணாடியாட்டம் ஒரு தோல் இருக்கும்மா. அத அமுக்கிப் பாத்துத்தான் மீட்டர் பிரஷர் சொல்லும். தோல் தடிச்சிருந்தா கூடக் காட்டும், மெல்லிசா இருந்தா கொறச்சுக் காட்டும். மீட்டர வெள்ளக்காரங்க கண்ணுக்குத் தோதா செஞ்சிருக்காங்க. நான் மலாய்க்காரங்க, சீனவங்க, தமிழாளுங்க எல்லார் கண்ணையும் அளந்துக்கிட்டு வாரேன். இனத்துக்கு இனம் கொஞ்சம் மாறுது, ஆளுக்கு ஆள் அதவிட மாறுது. திரிங்காப் ஊர்ச் சீனர் ஒருத்தருக்குத் தோல் மெல்லிசு. மீட்டர் நல்லாருக்குன்னுச்சு, நரம்பு பாதி போயிருந்துச்சு. ஒங்க வீட்டுக்காரருக்குத் தடிப்பு. நரம்புல ஒரு பழுதும் இல்ல."

"அப்ப ஏங்கம்மா மங்குது?"

"மருந்துதான். கண்மணியச் சுருக்கிரும், வெளிச்சம் கொறஞ்சா ஒண்ணும் தெரியாது. நிறுத்திருங்க. வருசா வருசம் மட்டும் வந்து காட்டுங்க."

மருந்தை நிறுத்தியதும் பார்வை தெளிந்தது. நேரே மேனேஜர் ஆர்தர் துரையிடம் போய் நின்றேன்.

"பிரஷர் இன்னும் எறங்கலயாமே?" என்றார் துரை.

"மீட்டர நம்பாதீங்க தொர. நீங்களே பக்கத்துல உக்காந்து பாருங்க."

அன்று சாயங்காலமே ரிங்லெட் ஊருக்குப் போகும் மலை இறக்கத்தில், பனிக்குள் லோரி இறங்கியது. இருவருக்கும் நடுவில் நான். ஒரு வளைவில் அவர் மெல்ல பிரேக் போட்டு நிறுத்தினார்.

"ஏன் நிப்பாட்டுன?"

"முன்னால மரம் விழுந்து கெடக்கு தொர."

துரை கண்ணைக் கசக்கிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. நம்பாமல் இறங்கி நடந்தவர் முழங்காலில் மரம் இடித்த பிறகுதான் நின்றார். நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார்.

"சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும்லா!"

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. திரும்பும் வழியில் லயம் வந்ததும் ஜன்னலில் தலையை நீட்டி, எல்லார் வீட்டுக்கும் கேட்கும்படி கத்தினேன்:

"எம் புருசனுக்குக் கண்ணு நல்லாருக்கு!"

அவர் ஹாரனை விடாமல் அடித்தார். துரை முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.